நிழல்களிலிருந்து அணுக்களை மீட்பது

(ஜொகூர் பாருவில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அணுவைப் படமெடுத்துவிட்டார்கள் என்பது இன்று பழைய செய்தி. 1955 அக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும், அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த கன்வர் பகதூர் என்ற இந்திய மாணவரும் டங்ஸ்டன் ஊசி முனையில் தனித்தனி அணுக்களைக் கண்ணாரப் பார்த்துவிட்டார்கள். இன்று நான் பேச வந்தது அதற்கு அடுத்த கேள்வியைப் பற்றி. ஒரு சிறு துகளுக்குள் இருபதாயிரம் அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சேர்த்துச் சொல்ல முடியுமா? சொன்னால், அதை எவ்வளவு நம்பலாம்? அந்த நம்பிக்கையைக் கூட்ட என்ன செய்கிறார்கள்?

இதில் ஜொகூருக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். மாநிலத்தின் தென்கிழக்கு முனையில், பெங்கெராங்கில், பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகம் இருக்கிறது. இந்தத் தொழில் வினையூக்கிகள் இல்லாமல் நடக்காது. நாப்தாவை உயர்தரப் பெட்ரோலாக மாற்றும் வினையூக்கிகளில் பிளாட்டினம் சில நானோமீட்டர் அளவுள்ள நுண்துகள்களாக இருக்கிறது. வேலை செய்வது அத்துகள்களின் மேற்பரப்பிலும் விளிம்பிலும் உள்ள அணுக்கள். எந்த அணு எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வினை வேகமாகும், அல்லது மந்தமாகும். வடமேற்கே மூவாரில் சிப்புகளை அடைத்துச் சோதிக்கும் ஆலை இயங்குகிறது. சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் சில பகுதிகளின் தடிமனை இன்று அணு அடுக்குகளில் எண்ணிவிடலாம். ஓர் அணு தவறான இடத்தில் இருப்பது இவ்விரண்டு தொழில்களுக்கும் காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

இதற்கு எக்ஸ் கதிர் போதாதா என்று வேதியியல் படித்தவர்கள் கேட்பீர்கள். நூறாண்டுக்கு மேலாகப் படிகங்களின் அமைப்பை எக்ஸ் கதிர்தான் சொல்லி வந்திருக்கிறது. ஆனால் அது சொல்வது சராசரி. கோடிக்கணக்கான அலகுகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப அடுக்கியிருந்தால், அந்த ஓர் அலகின் வடிவத்தை அது மிக நுட்பமாகத் தரும். எங்கே ஓர் அணு விடுபட்டிருக்கிறது, எங்கே ஒரு வரிசை வளைந்திருக்கிறது என்பவை சராசரியில் கரைந்துவிடும். வினையூக்கியும் சிப்பும் நன்றாக வேலை செய்வதும் கெடுவதும் அந்த விலகல்களால்தான். அதனால் சராசரி எடுக்காமல், ஒரே ஒரு துகளை எடுத்து, அதன் அணுக்களை ஒவ்வொன்றாக இடம் குறிக்கும் வழி தேவைப்பட்டது.

ஒரு படம் ஏன் போதாது

எலக்ட்ரான் நுண்ணோக்கி தரும் படம் ஒரு நிழல். துகளின் வழியே எலக்ட்ரான்கள் பாய்ந்து வருகின்றன. வழியில் இருந்த எல்லா அணுக்களின் விளைவும் ஒன்றாகக் கூடி ஒரு புள்ளியில் விழுகிறது. மேலே இருந்த அணு எது, கீழே இருந்த அணு எது என்று அந்தப் புள்ளியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் கூலாய் தாண்டிப் போகிறவர்கள் செம்பனைத் தோட்டங்களைக் கவனித்திருப்பீர்கள். மரங்களை முக்கோண ஒழுங்கில் நட்டிருப்பார்கள். கார் ஓட ஓட, ஒரு கணம் வரிசைகளெல்லாம் நேர்கோட்டில் திறந்து தோட்டத்தின் மறுமுனை வரை தெரியும். அடுத்த கணம் எல்லாம் மூடி, கலைந்த காடு போலாகிவிடும். மீண்டும் வேறொரு கோணத்தில் வேறு வரிசைகள் திறக்கும். ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்குத் தோட்டத்தின் ஒழுங்கு பிடிபடாது. போய்க்கொண்டே பார்ப்பவர் அதை ஊகித்துவிடலாம். எத்தனை கோணத்தில் பார்த்தாலும், நெடுஞ்சாலை ஒரு பக்கமாகவே போவதால் மறுபக்கத்துக் கோணங்கள் கிடைக்காமலேயே போகும். இந்தக் குறை நம் பேச்சில் பிறகு வரும்.

துகளை நுண்ணோக்கிக்குள் சிறிது சிறிதாகச் சாய்த்து ஒவ்வொரு கோணத்திலும் படமெடுத்து, அந்த நிழல்களிலிருந்து பொருளை மீட்பதற்குப் பெயர் டோமோகிராஃபி. இது கணித அளவில் முடியும் என்று 1917-இலேயே யோஹான் ராடான் நிறுவிவிட்டார். எல்லாக் கோணங்களிலும் நிழல் கிடைத்தால் பொருள் கிடைக்கும் என்பது அவருடைய தேற்றம். 1968-இல் கேம்பிரிட்ஜில் டி ரோசியரும் ஆரன் க்ளூக்கும், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரசின் வால் பகுதியை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலிருந்து முப்பரிமாணத்தில் மீட்டுக் காட்டினார்கள். க்ளூக் 1982-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும்

இந்த வரலாற்றில் நம்மவர் இருவரின் பெயர் இருக்கிறது. தமிழர்கள் அதை அதிகம் பேசுவதில்லை.

ஜி.என். ராமச்சந்திரன் 1922-இல் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் பயின்றவர். முப்பது வயது நிறைவதற்குள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் கொண்டது என்று கண்டார். 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடன் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கும் அளவுகோலாக இருக்கிறது. உயிரியல் மாணவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

1970களின் தொடக்கத்தில் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்று மூலக்கூறு உயிரியற்பியல் துறையை உருவாக்கினார். அந்த நாட்களில் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவை மீட்கும் புதிய கணக்கு முறையை 1971-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். அதே பொருளில் இந்திய ஏடு ஒன்றில் ராமச்சந்திரன் எழுதிய கட்டுரைக்கு 'நிழலிலிருந்து பொருளை மீட்டல்' என்ற பொருளில் தலைப்பு வைத்திருந்தார்.

அவர்கள் செய்தது என்ன? நிழல்களிலிருந்து பொருளை மீட்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திருப்பிப் பரப்பி, எல்லாவற்றையும் கூட்டிவிடலாம். செய்து பார்த்தால் பொருள் தெரியும், ஆனால் மங்கலாகத் தெரியும். ஓர் அணு இருக்கும் இடத்தில் எல்லா நிழல்களும் குவிகின்றன என்பது சரி. அந்த இடத்தைச் சுற்றிலும் அவை சிந்திக்கொண்டே போகின்றன, தூரம் கூடக் கூடச் சிந்துவது குறைகிறது. நிழல்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இந்த மங்கல் தீராது. அது படத்தின் குறை இல்லை, கூட்டும் முறைக்குள்ளேயே இருக்கும் குறை.

ஃபூரியே உருமாற்றம் என்ற கணிதத்தின் வழியாகச் சுற்றிப் போனால் இந்த மங்கலைத் தவிர்க்கலாம். அந்நாள் கணினிகளுக்கு அது பெரும் சுமை. இடையிடையே மதிப்புகளை ஊகித்து நிரப்ப வேண்டியிருந்ததால் அதிலும் பிழை புகும். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்றார்கள். நிழலைத் திருப்பிப் பரப்புவதற்கு முன் அந்த நிழலையே ஒரு சின்னக் கணக்கால் திருத்திவிட வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பிலும் நான்கில் ஒரு பங்கை எடுத்துக்கொள். ஒற்றைப்படைத் தூரத்தில் உள்ள அண்டைப் புள்ளிகளின் மதிப்பில் ஒரு சிறு பங்கைக் கழி. தூரத்தின் வர்க்கம் கூடுவதற்கு ஏற்ப அந்தப் பங்கு குறையட்டும். இரட்டைப்படைத் தூரத்தில் உள்ளவற்றைத் தொடாதே. இப்படித் திருத்திய நிழலைப் பரப்பினால், பின்னால் சிந்தப்போவது முன்கூட்டியே கழிபட்டுவிடுகிறது. பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தலுக்கு மேல் கணினிக்கு இதில் வேலை கிடையாது. வேகமும் கூடியது, துல்லியமும் கூடியது.

வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-இலேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தார்கள். அதை மருத்துவப் படத்துக்கும் நுண்ணோக்கிக்கும் உரியதாக்கி, கணினியில் அப்படியே போடக்கூடிய வடிவில் தந்தவர்கள் பெங்களூர்க்காரர்கள். அவர்கள் கட்டுரை அச்சான அதே 1971-இன் அக்டோபர் முதல் தேதியன்று லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அது வேறு கணக்கு முறையில் இயங்கியது. பின்னர் வந்த சி.டி. கருவிகள் நீண்ட காலம் இந்தத் திருத்திப் பரப்பும் வழியில்தான் இயங்கின. இன்றும் மேட்லாப் மென்பொருளில் நிழலிலிருந்து உருவை மீட்கக் கட்டளை கொடுத்தால், நீங்கள் வேறொன்றைக் குறிப்பிடாத வரை அது எடுத்துக்கொள்ளும் வடிகட்டியின் பெயர் 'ராம்-லாக்'. ராமச்சந்திரனில் பாதி, லட்சுமிநாராயணனில் பாதி.

அந்த வடிகட்டிக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. நுண்ணிய விவரங்களைத் தூக்கிக்காட்டும்போது படத்தில் கலந்திருக்கும் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடும். 1974-இல் ஷெப்பும் லோகனும் அதைச் சற்றுத் தணித்து ஒரு மாற்று வடிகட்டி தந்தார்கள். இத்துறை வளர்ந்ததே இந்த வரிசையில்தான். தன் முறையே எந்தப் பிழையை உண்டாக்குகிறது என்று கண்டுபிடித்து, அதைக் கணக்கிட்டு நீக்குவது. நான் இன்று சொல்ல வந்த ஒரே கருத்தும் அதுதான். கூர்மையான லென்சால் மட்டும் துல்லியம் வந்துவிடாது. பொருளுக்கும் நிழலுக்கும் இடையில் என்ன நடந்தது என்று முழுக்கணக்கு வைப்பவருக்கே அது கிடைக்கும்.

அணு வரைக்கும்

லென்சுக்கும் உரிய இடம் உண்டு. வட்ட வடிவ மின்காந்த லென்சுகளுக்குக் கோளப்பிறழ்ச்சி என்ற குவியக் குறை தவிர்க்கவே முடியாதது என்று 1936-இல் ஷெர்சர் காட்டினார். அறுபது ஆண்டுகள் கழித்து ஹைடர், ரோஸ், உர்பன் கூட்டணியும் தனியே கிரிவானெக்கும் அதைத் திருத்தும் கருவிகளைக் கட்டினார்கள். கனமான அணுக்கள் பிரகாசமாகவும் இலேசானவை மங்கலாகவும் தெரியும்படி படமெடுக்கும் முறையை முன்னெடுத்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் பென்னிகுக். பின்னாளில் அவர் கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அந்த முறையில் ஒரு புள்ளியின் பிரகாசம், வழியில் இருந்த அணுக்களின் கூட்டலுக்கு ஏறத்தாழ இணையாக இருக்கும். டோமோகிராஃபிக்கு வேண்டியதும் இந்தக் கூட்டல்தான்.

லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜியான்வெய் மியாவின் குழு இவற்றை ஒன்று சேர்த்தது. 2012-இல் ஒரு தங்கத் துகளை 2.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் மீட்டார்கள். 2015-இல் டங்ஸ்டன் ஊசி முனையில் 3,769 அணுக்களின் இடங்களைக் குறித்தார்கள். 2017-இல் இரும்பும் பிளாட்டினமும் கலந்த ஒரே துகளில் 6,569 இரும்பு அணுக்களையும் 16,627 பிளாட்டின அணுக்களையும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். மொத்தம் 23,196. இடத்தின் துல்லியம் 22 பிகோமீட்டர். பிளாட்டினத்தில் அண்டை அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 277 பிகோமீட்டர். அதில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் பிழையை அடக்கியிருக்கிறார்கள்.

இந்தச் சாதனையில் ஒரு புதிர் இருக்கிறது. எத்தனை படம் எடுத்தால் எவ்வளவு நுணுக்கம் கிடைக்கும் என்பதற்குக் க்ரௌதரும் கூட்டாளிகளும் 1970-இல் ஒரு விதி தந்தார்கள். துகளின் விட்டத்தைப் 'பை' ஆல் பெருக்கி, படங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2017-இன் துகள் சுமார் 8 நானோமீட்டர், எடுத்த படங்கள் 68. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 0.37 நானோமீட்டர் வரும். அணுக்களின் இடைவெளியைவிட அது பெரியது. விதிப்படி பார்த்தால் அணுக்கள் தனித்தனியே தெரிந்திருக்கவே கூடாது.

தெரிந்ததற்குக் காரணம், படத்தில் இல்லாத ஆனால் நமக்கு உறுதியாகத் தெரிந்த உண்மைகளையும் கணக்கில் சேர்த்ததே. துகளுக்கு வெளியே வெற்றிடம். அடர்த்தி ஒருபோதும் எதிர்மறையாக இருக்க முடியாது. பொருள் என்பது தொடர்ந்து பரவிய மேகமாக இல்லாமல் தனித்தனி அணுக்களால் ஆனது. ஒரு மாதிரியை ஊகித்து, அதன் நிழலைக் கணக்கிட்டு, எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்தி, இந்த உண்மைகளை மீறாதபடி மீண்டும் ஊகிக்கும் சுழற்சியைக் கணினி நூற்றுக்கணக்கான முறை ஓட்டும். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவியில் இருந்த படிப்படியாகத் திருத்தும் முறையின் வம்சம் இது.

பிழை நுழையும் வாசல்கள்

முதலாவது, கிடைக்காத கோணங்கள். துகளைத் தாங்கும் தகடு குறுக்கே வருவதால் வழக்கமாக 70 பாகைக்கு மேல் சாய்க்க முடியாது. சாய்வு இருபுறமும் 70 பாகையோடு நின்றால், மீட்ட உருவம் ஒரு திசையில் சுமார் 30 விழுக்காடு நீண்டு தெரியும். 60 பாகையோடு நின்றால் 55 விழுக்காடு. 2015-இல் ஊசி முனையைத் தேர்ந்ததற்குக் காரணம் அதை முழுவட்டமாகச் சுழற்றலாம் என்பதே.

இரண்டாவது, கோணமும் இடமும். கருவி காட்டும் சாய்வுக்கும் உண்மைச் சாய்வுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். படங்களுக்கு இடையே துகள் நகரும். எல்லாப் படங்களையும் ஒரே மையத்துக்குக் கொண்டுவந்து, கோணங்களையும் கணக்கின் போக்கிலேயே திருத்தாவிட்டால் அணுக்கள் இரட்டையாகும், இல்லாவிட்டால் கரையும்.

மூன்றாவது, எலக்ட்ரான் கற்றையே. பார்க்கும் செயலே துகளைத் தட்டி அணுக்களை நகர்த்திவிடலாம். அதனால் கற்றையின் அளவைக் குறைத்து, ஆரம்பக் கோணத்தில் இடையிலும் இறுதியிலும் மறுபடி படமெடுத்து, துகள் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள். செம்பனை வரிசைகள் திறப்பதுபோல் அணு வரிசைகள் நேராக நிற்கும் கோணங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. கற்றை அந்த வரிசையைப் பற்றிக்கொண்டு இறங்குவதால் பிரகாசம் எளிய கூட்டலாக இருக்காது.

இவற்றையெல்லாம் திருத்திய பிறகும், 22 பிகோமீட்டர் என்று எப்படிச் சொன்னார்கள்? மீட்ட அணுக்களின் பட்டியலை உண்மை என்று வைத்துக்கொண்டு, குவாண்டம் இயற்பியலின்படி அது தரக்கூடிய 68 படங்களையும் கணினியில் உருவாக்கினார்கள். அந்தப் படங்களிலிருந்து முதலிலிருந்தே மீண்டும் அணுக்களை மீட்டார்கள். இரு பட்டியல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் அந்த எண். தன் முறையைத் தானே சோதனைக்கு உட்படுத்தியதால் வந்த எண் அது.

எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்திருப்பதும் இதில் அடங்கும். நம் ஊர்க் கண்ணாடிக் கோயிலில் சுவரெங்கும் கண்ணாடி மின்னுகிறது. ஆனால் கண்ணாடி போன்ற ஒழுங்கற்ற திடப்பொருளில் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது நெடுநாள் எட்டாத கேள்வியாக இருந்தது. 2021-இல் மியாவ் குழு எட்டுத் தனிமங்கள் கலந்த ஓர் உலோகக் கண்ணாடித் துகளின் அணுக்களை மீட்டது. எட்டுத் தனிமங்கள் இருந்தும் அவர்கள் அணுக்களை மூன்று வகையாக மட்டுமே பிரித்தார்கள். அடுத்தடுத்த அணு எண் கொண்டவை படத்தில் ஒரே மாதிரி தெரிந்ததால் அதற்கு மேல் பிரிப்பது ஊகமாகிவிடும்.

இன்னொரு வழி: ஆட்டம் புரோப்

தனிமத்தை நேரடியாகச் சொல்லும் கருவி வேறு இருக்கிறது. முதலில் சொன்ன முல்லர் 1967-இல் கூட்டாளிகளுடன் உருவாக்கிய ஆட்டம் புரோப் அது. ஊசி முனையில் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் கொடுத்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிகிறார்கள். பறந்து சேரும் நேரம் எந்தத் தனிமம் என்று சொல்லும். விழும் இடமும் விழும் வரிசையும் முன்பு அது எங்கே இருந்தது என்று சொல்லும். சென்னை ஐஐடியில் இதற்கென ஒரு தேசிய மையம் இயங்குகிறது. பிற ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் தங்கள் இடத்திலிருந்தே அக்கருவியை இயக்க வசதி செய்திருக்கிறார்கள்.

இங்கே பிழைகளின் குணம் வேறு. கருவியின் வகையைப் பொறுத்து அணுக்களில் ஏறத்தாழ பாதி முதல் 80 விழுக்காடு வரைதான் பதிவாகும். ஊசி முனை அரைக்கோளம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். இரண்டு பொருள்கள் கலந்திருந்தால் ஒன்று எளிதில் பிய்ந்துவிடும், மற்றது பிடித்துக்கொள்ளும். முனையின் வடிவம் கோணலாகி உருவமும் கோணலாகும். திருத்துவதற்கு அளவுகோல் அந்தப் பொருளிலேயே கிடைக்கிறது. படிகத் தளங்களின் இடைவெளி முன்பே துல்லியமாகத் தெரிந்த ஒன்று. மீட்ட உருவில் அந்த இடைவெளி சரியாக வரும்வரை கணக்கின் எண்களைச் சரிசெய்கிறார்கள். முனையை முன்னும் பின்னும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து உண்மை வடிவத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு கருவி இடத்தைச் சொல்கிறது, மற்றது தனிமத்தைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே மாதிரியில் சேர்ப்பது இன்று முனைப்பாக நடக்கும் ஆய்வு.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

கிடைக்காத கோணங்களின் குறையை நிரப்பச் செயற்கை நரம்பு வலைகள் வந்துவிட்டன. 2021-இல் தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தார் இவ்வழியில் பிளாட்டினத் துகளின் மேற்பரப்பு அணுக்களைத் தெளிவாக்கினார்கள். பயனுள்ள முன்னேற்றம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஒழுங்கான துகள்களைப் பார்த்துப் பழகிய கணினி, ஒழுங்கற்ற இடத்திலும் ஒழுங்கைப் பார்க்கும். விடுபட்ட அணுவைத் தானே வைத்துவிடும். படம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. வினையூக்கியைக் கெடுக்கும் அந்த ஒரு விலகலைத் தேடி வந்தவருக்கு இதைவிடப் பெரிய நட்டம் இல்லை. அதனால் கணினி நிரப்பியது எது, நிழல் சொன்னது எது என்று பிரித்துக் காட்டுவதும், மீட்ட உருவின் நிழலை மறுபடி கணக்கிட்டு உண்மைப் படத்தோடு ஒப்பிடுவதும் முன்னைவிட அதிகம் தேவைப்படுகின்றன.

மாணவர்களே, இந்தத் துறையில் ஒரு சலுகை இருக்கிறது. பல கோடி ரிங்கிட் நுண்ணோக்கி உங்களிடம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மியாவின் குழு மீட்ட அணு அமைப்புகளை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுத் தரவு வங்கியில் வைத்திருக்கிறது. ராமச்சந்திரனின் திருத்தக் கணக்கை மடிக்கணினியில் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம். ஸ்கூடாயிலோ பத்து பகாட்டிலோ படிப்பவர் ஒருவர் அந்த அணுக்களை எடுத்து, நிழல்களை உருவாக்கி, இருபது கோணங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மீட்டுப் பார்க்கட்டும். எந்த அணு நகர்ந்தது, எது காணாமல் போனது, எது இல்லாத இடத்தில் முளைத்தது என்று பட்டியல் போடட்டும். அந்தப் பட்டியலை யார் இன்னும் குறைக்கிறாரோ அவர் இத்துறைக்குப் புதிதாக ஒன்று கொடுத்தவராவார்.

அணுக்களின் முப்பரிமாணப் படம் எதை இனிக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை கோணங்களிலிருந்து எடுத்தது? எந்தக் கோணங்கள் விடுபட்டன, அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள்? மீட்டதை மறுபடி நிழலாக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தப் படத்தை நம்பி வேலையைத் தொடங்கலாம். பதில் இல்லையென்றால், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது இன்னும் நிழல்தான்.